தபஸ்ஸுமின் திசைப்பெட்டி

போரைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பாண்டி பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் உபைத், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எதிரி நாட்டுக் கப்பல் ஒன்றை மூழ்கடித்துவிடுவார். டீக்கடைக்குப் போனால் அங்கே ஏவுகணை பறக்கும். டிவியைப் போட்டால் நாலு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் கத்துவார்கள். இத்தனை பேருக்கு நடுவில், வரப்போகிற போருக்காக நிஜமாகவே ஒரு சாமான் செய்துகொண்டிருந்தவள் உபைதின் மனைவி தபஸ்ஸும். அவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எரிந்து விழுந்திருப்பாள்.

எரிச்சல் அவள் பிறவிக் குணமில்லை, வேலை கொடுத்தது. மீர்சாகிப்பேட்டையில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் சர்க்யூட் போர்டு பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது சிரித்த முகமாகத்தான் இருந்தாள். கல்யாண வீடியோக்காரர்கள் மண்டபத்துத் தோரணத்தில் மோதி உடைத்த ட்ரோன்களைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். அப்படி ஒரு தடவை வந்த ராம்குமார், வேளச்சேரியில் வீட்டு மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து ட்ரோன் கம்பெனி ஆரம்பித்திருந்தார். வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன். கூப்பிட்டார், போனாள். கொஞ்ச நாளில் ராம்குமாருக்கு மருந்து தெளிப்பதில் ஆர்வம் போய், கடலைக் காவல் காக்கும் ட்ரோன் செய்ய வேண்டும் என்ற ஆசை வந்தது. தபஸ்ஸுமின் நிம்மதி போன கதை அங்கேதான் தொடங்குகிறது.

வாங்கப்போகிற கடற்படைக்காரர்கள் முதலில் தூரம் போக வேண்டும் என்றார்கள். தூரம் போகும்படி செய்தாள். அதற்குள் எங்கோ ஒரு நாட்டில் சண்டை மூண்டது. இருட்டிலும் கண் தெரிய வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். இருட்டிலும் கண் தெரிந்தபோது, இன்னின்ன நாட்டு எலெக்ட்ரானிக் சில்லுகள் உள்ளே இருக்கவே கூடாது என்று ஓர் உத்தரவு வந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டாள். பிறகு வேளச்சேரியில் மழைத்தண்ணீர் ஏறி, கீழே வைத்திருந்த இறக்கைகளையும் மோட்டார்களையும் சேற்றோடு கொண்டுபோனது. எதிரி வருவதற்கு முன்னால் ஏரி வந்துவிட்டது என்று ராம்குமார் வேடிக்கையாகச் சொன்னார். தபஸ்ஸுமுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய விதி. இனி வரும் சண்டையில் முதல் குண்டு விழுவதற்கு முன்பே வானத்தின் வாயை அடைத்துவிடுவார்கள். சிக்னலை மறிக்கும் ஜாமர் எந்திரத்தைப் போட்டால் சாட்டிலைட்டிலிருந்து வரும் ஜி.பி.எஸ். செத்துவிடும். கப்பலாக இருந்தாலும் ட்ரோனாக இருந்தாலும், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழிக்கும். மலிவான ட்ரோன் ஒன்று மலை மாதிரிக் கப்பலை மிரட்டுகிற காலம் இது. அந்த ட்ரோனுக்கே வழி தெரியாமல் செய்கிற காலமும் இதுதான். ஆகவே, ஜி.பி.எஸ். இல்லாமல் கடலுக்கு மேலே போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். முடிந்தால் வாங்க, முடியாவிட்டால் வேண்டாம்.

இதற்காகத் தபஸ்ஸும் செய்ததுதான் திசைப்பெட்டி. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அடியில் ஒரு கேமரா. கீழே நகரும் தரையைப் பார்த்துப் பார்த்து, எந்தப் பக்கம் எவ்வளவு போயிருக்கிறோம் என்று தானாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும். தரைக்கு மேலே அது சுலபம். கடலில் அலையும் நகரும், ட்ரோனும் நகரும். எது எவ்வளவு நகர்ந்தது என்று பிரிப்பதற்குள் உயிர் போய்விடும். அதற்காகக் கொட்டிவாக்கத்தில் தோழி ஒருத்தியின் அடுக்குமாடி உச்சியில் கேமராவை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலையைப் படம் பிடித்தாள். முக்காடு போட்ட பெண் ஒருத்தி தினமும் கடலை ஏன் படம் எடுக்கிறாள் என்று யாரோ புகார் சொல்ல, போலீஸ்காரர் இருவர் மாடியேறி வந்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் போனார்கள். ஆனாலும் அன்று அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. யாருக்காக இந்தப் பாடு படுகிறோம் என்று வயிறு எரிந்தது.

ஒருவழியாகப் பெட்டி வேலை செய்தது. நிஜமான ஜாமர் ஒன்றின் எதிரில் அதை ஒரே ஒரு தடவை பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும். சும்மா யாரும் ஊருக்குள் ஜாமர் போட முடியாது, சட்டம் விடாது. படை ஆட்கள் நடத்தும் சோதனையில்தான் அது நடக்கும். அந்த ஒரு பறத்தலுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். விருது, பதவி உயர்வு என்று எதுவும் அவளுக்குத் தோன்றியதில்லை. என் பெட்டி வழி தப்பாது என்று அந்த ஜாமருக்கு எதிரில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கம்பெனியில் இறக்கை ஒட்டுவதும் ஒயர் கட்டுவதும் இசக்கியம்மாள். தென்காசிப் பக்கம். இருபது வருஷமாகச் சென்னையில் இருந்தும் பேச்சு இம்மியும் மாறவில்லை. தபஸ்ஸும் என்ற பெயர் அவள் வாயில் நுழையாமல் முதல் நாளே தபசு ஆகிவிட்டது. மாடியை விட்டு எந்த எந்திரம் வெளியே கிளம்பினாலும் அதற்கு இசக்கியம்மாள் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். சரஸ்வதி பூஜைக்குத் திருப்புளிக்கும் சால்டரிங் அயர்னுக்கும் பொட்டு வைக்கிறவள், பறக்கிற எந்திரத்தை வெறும் நெற்றியோடு விடுவாளா? தபஸ்ஸுமும் ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. கேமராவிலோ மோட்டாரிலோ பட்டுவிடக் கூடாதே என்று, எங்கே வைக்கலாம் என்பதை மட்டும் விரலால் காட்டுவாள். இசக்கியம்மாளும் கேட்காமல் வைக்கமாட்டாள். பல வருஷமாக இப்படித்தான் நடந்து வந்தது.

சோதனை நகரத்துக்குத் தெற்கே, கடற்கரையோரத் திடல் ஒன்றில். காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். வாசலிலேயே செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இவர்களைத் தவிர இன்னும் இரண்டு கம்பெனிகள் வந்திருந்தன. முதல் வாய்ப்பு இவர்களுக்கு. இறக்கை வைத்த புது ட்ரோன். மூக்கு நுனியில் பேனா ரீஃபில் மாதிரி ஒரு மெல்லிய குழாய். எதிர்க்காற்று அதில் புகுகிற அழுத்தத்தை வைத்துத்தான் ட்ரோன் தன் வேகத்தைத் தெரிந்துகொள்ளும். தபஸ்ஸும் அதில் வாயால் ஊதி, திரையில் எண் ஏறுகிறதா என்று பார்த்தாள். ஏறியது. எல்லாம் சரி. ஜாமரை எப்போது போடுவார்கள் என்று அதை இயக்குகிறவரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து இசக்கியம்மாளின் குரல் வந்தது.

"தபசு, பொட்ட எங்கன வைக்கட்டும்?"

"வைங்கக்கா, வைங்க," என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

சாய்வாக நிறுத்திய ஏவு தண்டவாளம் ஒன்றிலிருந்து ட்ரோனை ஏவினார்கள். அழகாக எழும்பியது. எழும்பி, கடலை நோக்கித் திரும்பும் முன்பே, ஏதோ நினைத்துக்கொண்டது போல மூக்கைக் கவிழ்த்து, மோட்டார் அலறக் கீழே பாய்ந்து, அலை வந்து திரும்பும் ஈர மணலில் குத்தியது. ஜாமரை இன்னும் போடவே இல்லை.

தபஸ்ஸும் ஓடினாள். ஒரு இறக்கை தனியாகக் கிடந்தது. மூக்கு நொறுங்கியிருந்தது. குழாயை உருவிப் பார்த்தாள். வெளியே மணல். மணலுக்கு உள்ளே மஞ்சளாகச் சந்தனம், அடைத்துக்கொண்டு கெட்டியாக இருந்தது. காற்று புகவில்லை. வேகமே இல்லை, விழப்போகிறோம் என்று பயந்த ட்ரோன், வேகம் எடுப்பதற்காகத் தலைகீழாகப் பாய்ந்திருக்கிறது. பின்னாலேயே மூச்சு வாங்க வந்த இசக்கியம்மாள் அந்த மஞ்சளைப் பார்த்தாள். கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குள் சோதனையை நடத்தும் கடற்படைக் கமாண்டரும் ராம்குமாரும் வந்துவிட்டார்கள். கமாண்டர் நரை விழுந்த, அதிகம் பேசாத மனிதர். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ராம்குமார் முந்திக்கொண்டார்.

"நேவிகேஷன் பாக்ஸ் புதுசு சார். அதுலதான் ஏதோ சின்ன ப்ராப்ளம். சரி பண்ணிடலாம்."

தபஸ்ஸுமுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. இத்தனை வருஷம் விதி மாறியதைப் பொறுத்தாள், வெள்ளத்தைப் பொறுத்தாள், மாடியேறி வந்த போலீஸைப் பொறுத்தாள். இதைப் பொறுக்க முடியவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் பழி எங்கே போய் விழும் என்பதும் அவளுக்குத் தெரியும். இவள் பெயரோடு, இவள் முக்காட்டோடு, பொட்டு வைத்ததால் விழுந்தது என்று இவள் வாயால் சொன்னால், நாளைக்கு மாடியில் அது எப்படி எப்படியெல்லாம் திரியும்! இசக்கியம்மாள்தான் வழி விட்டாள்.

"பெட்டி மேல பழி போடாதிய. நான்தான்யா வச்சேன், சந்தனம். அந்தக் குழாயில வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"அக்கா கேட்டுதான் சார் வெச்சாங்க," என்றாள் தபஸ்ஸும். "எங்க வைக்கட்டும்னு கேட்டாங்க. நான்தான் திரும்பிகூட பாக்காம வைங்கன்னு சொல்ட்டேன். தப்பு என்னுது. ஆனா பெட்டி மேல தப்பில்ல சார். அத இன்னும் யாரும் டெஸ்டே பண்ல."

கமாண்டர் சிரிக்கவில்லை. குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்க கப்பலுக்கும் தேங்காய் உடைச்சுத்தான்மா தண்ணியில விடுறோம். அதுல ஒண்ணும் குத்தமில்ல. ஆனா என்கிட்ட இருக்கிறது ரெண்டே கட்டம். பறந்தது, பறக்கல."

"வேன்ல இன்னொன்னு கீது சார். பத்தே நிமிஷம் குடுங்க," என்றாள் தபஸ்ஸும்.

"பதிவு பண்ணின நம்பர் மட்டும்தான் பறக்கணும். உங்களுக்கு விட்டா மத்தவங்களுக்கும் விடணும்."

"அப்ப அடுத்த வருஷம்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அடுத்த வருஷம் நாங்க கேக்கறது கூட்டமாப் பறக்கிற ட்ரோன். நூறு சேர்ந்து போகணும், அதுல பத்து விழுந்தாலும் மிச்சம் வேலையை முடிக்கணும். ஒத்தையாப் போறதை வாங்கறது இதோட முடிஞ்சுது. போர் எங்களைக் கேட்டுட்டு மாறலம்மா."

சொல்லிவிட்டு அடுத்த கம்பெனியைப் பார்க்கப் போய்விட்டார். ராம்குமார், தண்ணீர் குடிக்கிற சாக்கில் வேன் பக்கம் நழுவினார். தபஸ்ஸும் மணலில் உட்கார்ந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, உடைந்த ட்ரோனின் வயிற்றைத் திறந்தாள். பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேமராவில் கீறல்கூட இல்லை. உயிரோடு இருக்கும் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. செத்தே போயிருக்கலாம்.

அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், அடுத்த ட்ரோனுக்காக ஜாமர் போடப்போகிறோம் என்று.

அவள் எழுந்தாள். ஒற்றை இறக்கையோடு இருந்த ட்ரோனைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள், கேமரா மணலைப் பார்க்கும்படியாக.

"அக்கா, லேப்டாப்ப எடுத்துகினு என் பின்னாடியே வாங்க. ஸ்கிரீன்ல இன்னா தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"என்னட்டி செய்யப் போற?"

"நடக்கப் போறேன்."

நடந்தாள். திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கிளம்பின. ஜி.பி.எஸ். சொல்லும் இடம் நீலம், திசைப்பெட்டி சொல்லும் இடம் சிவப்பு. ஜாமரைப் போட்ட உடனே நீலப் புள்ளி தடுமாறியது, கடலுக்குள் ஓடியது, பிறகு காணாமல் போனது. சிவப்புப் புள்ளி கோடு போட்டுக்கொண்டு அவளோடு வந்தது. சவுக்குத் தோப்பு வரை போனாள். நிழலுக்குப் போட்டிருந்த பந்தலைச் சுற்றினாள். படகு ஒன்றைத் தாண்டி அலை ஓரமாகத் திரும்பினாள். ஒரு பெண் உடைந்த ட்ரோனைச் சுமந்துகொண்டு வெயிலில் சுற்றுவதையும், கிண்ணமும் கம்ப்யூட்டருமாக இன்னொருத்தி பின்னாலேயே போவதையும் பார்த்த காவலர்களுக்கு என்ன தோன்றியதோ, யாரும் தடுக்கவில்லை.

"அப்படியே வருது தபசு. நீ திரும்புனா அதுவும் திரும்புது. பந்தல சுத்துனதக்கூடப் போட்டுருக்குட்டி."

தபஸ்ஸும் நடையை நிறுத்தவில்லை. கடைசியில் ட்ரோன் விழுந்த அதே இடத்துக்கு வந்து நின்றாள். சிவப்புக் கோடும் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. தூரத்தில் எல்லாரும் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்கள். இன்னொரு கம்பெனியின் ட்ரோன் வழி தெரியாமல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. கமாண்டர் அதைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஜாமரை அணைத்தார்கள். எங்கிருந்தோ நீலப் புள்ளி திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் அங்குமிங்கும் தேடிவிட்டு, சிவப்புப் புள்ளி நின்றிருந்த இடத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டும் ஒரே புள்ளி ஆயின.

"இப்ப வந்து இன்னா பிரயோஜனம்," என்றாள் தபஸ்ஸும்.