பதினோராம் வார்டு அக்கா பேசியது

எங்கள் நகராட்சியின் மன்றக் கூடத்தில் ஒரே ஒரு மைக்தான் இருந்தது. அதன் ஒயர் மூன்றாவது வரிசையைத் தாண்டி நீளாது. பின்வரிசை உறுப்பினர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டுப் பேசுவார்கள், அல்லது பேசாமலே இருந்துவிடுவார்கள். பதினோராம் வார்டு அக்கா மட்டும் எழுந்து, நாற்காலிகளுக்கு இடையே பக்கவாட்டில் நடந்து, மேடைக்குக் கீழே நான் குறிப்பெடுக்கும் மேசையருகே வந்து நின்று மைக்கைக் கேட்டு வாங்குவார். முதல் தடவை அப்படி வந்தபோது முழங்கை வரை மாவு படிந்திருந்தது. மில்லிலிருந்து நேரே வந்திருந்தார். "தங்கச்சி, நான் சொல்றத விட்டுறாம எழுதிக்க" என்றார் என்னிடம். பிறகுதான் தலைவரைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

மதுரைக்கு மேற்கே இருக்கும் சின்ன ஊர் அது. பெயர் வேண்டாம். அப்பா பணியிலிருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் எனக்குக் கிடைத்த வேலை. மன்றக் கூட்டத்தில் பேசுவதைக் குறிப்பெடுத்து, மறுநாள் தட்டச்சு செய்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கி நடவடிக்கைப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். தெருவிளக்கு மாற்றுவது, குடிநீர் மோட்டாரைப் பழுதுபார்ப்பது, சந்தைக் குத்தகையை நீட்டிப்பது என்று முப்பது பொருள் இருக்கும். முன்வரிசையில் யாராவது "ஆல் பாஸ்" என்றால் முப்பதும் ஒரே மூச்சில் நிறைவேறிவிடும். அப்புறம் வடை, டீ. பெண் உறுப்பினர்கள் பலருக்குப் பதிலாக அவர்களுடைய கணவர்கள்தான் வார்டைப் பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் கணவர் உயிரோடு இல்லை. அக்காவின் பெற்றோர் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிவேலை செய்தவர்கள். அக்கா சொந்தமாக ஒரு மாவு மில் நடத்தினார். அந்தத் தேர்தலில் அவருடைய வார்டு பட்டியல் சாதியினருக்கான தனி வார்டானது. தெருக்காரர்களே சேர்ந்து அவரை நிற்கச் சொன்னார்கள்.

அக்கா கேட்டது பெரிய காரியமில்லை. அவர் தெரு மெயின்ரோட்டைச் சந்திக்கும் இடத்தில் மழைநீர் வாய்க்கால் ஒன்று குறுக்கே போகிறது. அதை மூடியிருந்த சிலாப் ஒன்று உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. ஓர் ஆள் முழுசாக இறங்கும் அளவுக்கு வாய் திறந்து கிடந்தது. "காஞ்ச நாள்ல கண்ணுக்குத் தெரியும், சுத்திப் போயிருவோம். மழை பேஞ்சா ரோடு எது, குழி எதுன்னு தெரியாதுங்கய்யா" என்றார் அக்கா. அந்த இடம் நகராட்சியுடையதா, ரோடு போட்டவர்களுடையதா என்று ஒரு கேள்வி எழுந்தது. கடிதம் எழுதிக் கேட்கலாம் என்றார் தலைவர். அடுத்த கூட்டத்திலும் அக்கா எழுந்து வந்தார். அதற்கடுத்த கூட்டத்திலும் வந்தார். மூன்றாவது தடவை முன்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்றையும் நான் எழுதினேன். "பதினோராம் வார்டு உறுப்பினர் உடைந்த மூடியை உடனே மாற்றக் கோரினார். பதிவு செய்யப்பட்டது."

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பேய்மழை கொட்டியது. மதுரை காளவாசலில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த பெண், அக்காவின் தெருக்காரி, இருபத்திரண்டு வயது, பஸ்ஸை விட்டு இறங்கினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள் என்று டீக்கடைக்காரர் பின்னால் சொன்னார். அவர் பால் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஆள் இல்லை. வேகமாக நடந்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாராம். விடிந்த பிறகு, வாய்க்கால் போய்ச் சேரும் கண்மாயின் முள்வேலியில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

நான்காம் நாள் விசாரணைக்கு மேலதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருவதற்கு முந்தைய நாள் மதியம் எங்கள் மேலாளர் புத்தகத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். கெட்டவர் இல்லை. என் அப்பாவின் சாவுக்கு மாலையோடு வந்தவர்.

"ஏம்மா, இந்த மூணு பக்கத்தையும் புதுசா அடிச்சுரு. தீர்மானம் மட்டும் இருந்தாப் போதும். யார் யார் என்ன பேசுனாங்கன்னு நம்ம எதுக்கு எழுதணும்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உனக்கு இன்னும் தகுதிகாண் பருவம் முடியல. அம்மாவ நெனச்சுக்க" என்றார். மிரட்டும் குரலே இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

அடித்தேன். பழைய தாள்களைப் பசையிலிருந்து பிய்க்கும்போது ஓரம் கிழிந்துவிடக் கூடாதே என்று ஈரத்துணி வைத்து நிதானமாகப் பிரித்தேன். எவ்வளவு சுத்தமாகச் செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் மறக்கவில்லை. தலைவர் மூன்று இடங்களிலும் மறுபடி கையெழுத்துப் போட்டார்.

விசாரணை, நகராட்சி ஆணையரின் அறையில் நடந்தது. ஆவணங்களோடு நானும் நிற்க வேண்டியிருந்தது. "எழுத்து மூலமா ஏதாவது புகார் குடுத்திருக்கீங்களா?" என்று அதிகாரி அக்காவைக் கேட்டார்.

"கூட்டத்துலதான் சொன்னேங்கய்யா. மூணு கூட்டத்துல. அதுக்கு மேல எங்க போயி எழுதிக் குடுக்க? இந்தப் பிள்ளதான் எழுதுச்சு, கேட்டுப் பாருங்க."

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். பக்கங்களை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவங்க பேசினாங்களாம்மா?"

"புத்தகத்துல இருக்கிறதுதான் சார் பதிவு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். 'நான் தப்பாக் கேட்டுட்டேனோ, மறுபடி சொல்லும்மா' என்பதைப் போல, பதிலுக்குக் காத்திருக்கும் முகம். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "சரிங்கய்யா, வாரேன்" என்று எழுந்து போனார்.

முன்புகார் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அடுத்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் போட்டு, எல்லோரும் எழுந்து நின்றோம். உட்கார்ந்ததும் "ஆல் பாஸ்" என்றது ஒரு குரல். புதுச் சிலாப் அதற்குள் போட்டாகிவிட்டது. மிச்சமிருந்த காலத்துக்கு அக்கா எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார். மைக்கைக் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது என் கையிலிருந்து பேனாவை வாங்காமல் தன்னுடையதை எடுத்துக்கொள்வார். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்குள் நான் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போயிருந்தேன்.

போன மாதம் அக்கா இறந்துவிட்டதாகப் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்தார். மூன்றாம் நாள்தான் போக முடிந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மகன் என்னை யாரென்று அறியாமல் நாற்காலி போட்டான், காபி கொடுத்தான். வாங்கிக் குடித்தேன். கிளம்பும்போது, நான்கு வீடு தள்ளி வாசலில் ஓர் அம்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வாய்க்காலில் விழுந்து இறந்த பெண்ணின் தாய். இறப்புச் சான்றிதழ் வாங்க அவர் அலுவலகத்துக்கு வந்தபோது பார்த்த முகம். கால் தானாக அங்கே நின்றது. அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பக்கங்களை மாற்றியது, அதிகாரியிடம் சொன்ன பதில், எல்லாமே.

அந்த அம்மா கீரையை உருவிக்கொண்டேதான் கேட்டார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் உருவிய காம்பை ஓரமாகப் போட்டார்.

"அவ கூட்டத்துல சொன்னான்னு நீ சொல்ற."

"ஆமாம்மா. மூணு தடவை."

"அதையேதான் அவளும் சொன்னா. நான் நம்பல. காகிதத்துலயே இல்லங்குறாங்க, ஓட்ட வாங்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கயேன்னு நடுத்தெருவுல வச்சு மண்ண வாரித் தூத்தினேன். தெருவே வேடிக்க பாத்துச்சு. ஏழு வருசம் ஒரு வார்த்த பேசல. அவ மில்லுக்குப் போகாம, மாவரைக்கப் பரவைக்குப் போனேன்மா, பஸ் ஏறி." அவர் கை நின்றது. "முந்தா நாளு அவளத் தூக்கும்போது கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தேன்."

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை விலக்கிக்கொண்டார்.

"எங்கிட்ட எதுக்கு இப்பச் சொன்ன?" என்றார்.

அவர் எழுந்து, மடியில் கிடந்த கீரையைத் தட்டிவிட்டு, பந்தல் பிரிக்கும் வீட்டை நோக்கி நடந்தார். வாசல் வரை போய், உள்ளே நுழையாமல், மூங்கில் கழிகள் அடுக்கியிருந்த இடத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அக்காவின் மகன் வெளியே வந்து அவரைப் பார்த்தான். வாங்க என்று கூப்பிடவில்லை. உள்ளே போய்விட்டான்.