சுனில்டா வீட்டு நெருப்பு

சுனில்டா மன்சீயாவின் அடுப்பு அணைந்துவிட்டதாகத் தென்சிலியின் கொய்ஹைக்கே ஊர் முழுக்கப் பேச்சு. ரொட்டிக்கடை வரிசையில் கிளம்பியபோது அடுப்பு மட்டும்தான் அணைந்திருந்தது. கறிக்கடைக்கு வந்து சேர்வதற்குள் சுனில்டாவே போய்ச் சேர்ந்திருந்தாள்.

விசாரிக்கப் போனால், அவள் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தாள். புகைபோக்கியில் புகை கொழுகொழுவென்று ஏறிக்கொண்டிருந்தது.

"எழவுக்கு வந்தீங்களா? வந்தது வந்தீங்க, ஒரு வாய் மாத்தே டீ குடிச்சிட்டுப் போங்க."

அறுபத்திரண்டு வயது, பள்ளிக்கூடச் சமையற்காரி. அங்கே குளிர் தொடங்கும் ஏப்ரலில் மூட்டும் அடுப்பை அக்டோபர் வரை அணையவிடுவதில்லை; பதினொரு குளிர்காலமாக இதுதான் அவளுடைய பெயர், பட்டம், சொத்து. தெருவில் யார் விறகு வாங்கினாலும் அவளை அழைப்பார்கள். இரண்டு கட்டைகளை மோதவிட்டுக் காது கொடுப்பாள். கணீரென்றால் காய்ந்தது, தொப்பென்றால் ஈரம். அவள் தலை தெரிந்தாலே சில வியாபாரிகள் லாரியைத் திருப்பிவிடுவார்கள்.

இந்த ஜூலையில் விறகு தீர்ந்தபோது தங்கை புருஷன் ரிகோபெர்த்தோவிடம் வாங்கினாள். சொந்தக்காரன் விறகைத் தட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று தட்டவில்லை. விடியும்போது ஜன்னலின் உட்புறம் உறைபனி. அடுப்பில் கருத்த கட்டையும் சாம்பலும்.

தீப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் குச்சியைக் கிழித்தால் பழைய நெருப்பு செத்தது உறுதியாகிவிடும். இரும்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு, முழங்கால் பனியில் எதிர்வீட்டு பால்டோமெரோவின் கதவைத் தட்டினாள்.

"ஒரு கரண்டி கங்கு குடு தம்பி. எதுக்குன்னு கேக்காத."

"கேக்கல. புகை வரலன்னு ஆறு மணிலேருந்து பாத்துட்டுதான் இருக்கேன்."

"பாத்தவன் வந்து என்னன்னு கேக்கக் கூடாதா?"

"நீங்களே வரட்டும்னு இருந்தேன்க்கா. பதினொரு வருஷமா காத்திருக்கேன், ரெண்டு மணி நேரம் ஒரு பெருசா?"

கரண்டியோடு திரும்பும்போது ரொட்டி வாங்கப் போன ஃபிலோமெனா பார்த்துவிட்டாள். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது.

சுனில்டாவின் கட்சி இது: ஏப்ரலில் பால்டோமெரோ அடுப்பு மூட்டியதே அவள் தந்த கங்கில்தான். ஆகவே நெருப்பு அணையவே இல்லை. எதிர்வீட்டுக்குப் போயிருந்தது, திரும்பி வந்தது. கேட்டவர்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். மீதிப்பேருக்கு அவள் இன்னொரு கோப்பை மாத்தே ஊற்றினாள், அவர்களும் ஆட்டினார்கள்.

பால்டோமெரோ மட்டும் ஆட்டவில்லை.

"ஏப்ரல் கங்குக்கு ஆட்டுத்தொடை குடுத்தாச்சு. நீங்களும் சாப்ட்டாச்சு, நல்லாருக்குன்னும் சொல்லியாச்சு. இது தனிக் கடன்க்கா."

"உனக்கும் ஆட்டுத்தொடை தரேன், எடுத்துக்க."

"கங்கு வாங்கினா கங்குதான் தரணும்."

அவள் மறுக்கவில்லை. ஆனால் கங்கைத் திருப்பித் தர அவன் அடுப்பு அணைய வேண்டும். இப்போது தெருவிலேயே அணையாத அடுப்பு அவனுடையது. அலாரம் வைத்து எழுந்து கட்டை போடுகிறான். தினமும் காலையில் சுனில்டா திரைச்சீலையை விலக்கி, அவன் வீட்டுப் புகைபோக்கியைப் பார்க்கிறாள். கரண்டி தயாராகத்தான் இருக்கிறது.