சோதனைக்குக் கட்டிய கக்கூஸ்

உலகமயமாதலின் நன்மை தீமைகள் பற்றிக் கட்டுரை எழுதித் தரும்படி மகள் கேட்டாள். நான் உலகமயத்தை நேருக்கு நேர் சந்தித்தது ஒரு கக்கூஸில் என்றதும், வேறு ஆளைப் பார்த்துக்கொண்டாள்.

அப்பா திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினார். இருபது டைலர் அக்காக்கள், கக்கூஸ் கிடையாது. வெளிநாட்டு ஆர்டர் கிடைக்காவிட்டால் கம்பெனியை மூடுவதென்று வீட்டில் பேச்சு. ஆர்டருக்கு முன் தொழிலாளர் வசதிகளைச் சோதனை போட வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வருகிறார் என்றதும், வெள்ளை டைல்ஸ் பதித்த கக்கூஸ் அவசரமாக எழுந்தது. அழுக்காகிவிடக் கூடாதென்று அப்பா அதைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

காலையில் மேடம் முதலில் கக்கூஸைப் பார்த்து, தாளில் டிக் அடித்தார். மத்தியானம் அம்மா மிளகாயை அள்ளிப்போட்டுச் செய்த பள்ளிபாளையம் சிக்கனை "நைஸ், நைஸ்" என்று மூக்கை உறிஞ்சியபடி சாப்பிட்டார். பள்ளிக்கூடம் அரைநாள் என்பதால் நான் அந்த நேரம் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு ஒன்பது வயது. வழக்கம்போலக் கத்தரியை எடுத்துப் பனியனில் பிசிர் வெட்ட உட்கார்ந்தேன். எனக்கு அது விளையாட்டு. மேடத்தின் தாளில் அதற்குப் பெயர் குழந்தைத் தொழிலாளர்.

அப்பா என்னைக் கத்தரியோடு அள்ளிக்கொண்டுபோய், டிக் வாங்கிவிட்ட கக்கூஸுக்குள் விட்டு, பூட்டாமல் கதவை மட்டும் சாத்தினார்.

"மூச்சுக் காட்டாம இரு கண்ணு. மேடம் போனதும் கூட்டிக்கறேன்."

அதை யாராவது பயன்படுத்தவும் கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சற்று நேரத்தில் வெளியே கட்டிங் மாஸ்டரின் குரல் பதறியது. "ஏனுங்க மொதலாளி, மேடம் கக்கூசுக்குப் போறாங்களுங்க!"

"அதான் காலைலயே பாத்துப்போட்டாங்களேப்பா!"

"இப்பப் பாக்கறதுக்குப் போகலீங்க!"

கதவு திறந்தது. மேடம் என்னைப் பார்த்தார். கத்தரியைப் பார்த்தார். ஆனால் சிக்கன் சட்டதிட்டங்களை முந்திக்கொண்டது. என்னை வெளியே இழுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்தவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அப்பா, "மை டாட்டர், ஸ்கூல், ஸ்கூல்" என்று கும்பிட்டார். மேடம் என் யூனிஃபார்மைப் பார்த்து, கன்னத்தைத் தட்டிவிட்டு, டிக்கின் பக்கத்தில் எழுதினார்: 'கழிப்பறை நல்ல பயன்பாட்டில் உள்ளது.'

ஆர்டர் கிடைத்தது. சில வருடங்களில் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் எங்களைவிட மலிவான தேசமொன்றைக் கண்டுபிடித்துப் போய்விட்டார்கள். கக்கூஸைக் கொண்டுபோக முடியவில்லை.

நான் சொல்ல வந்தது சோதனைக்கு மறுநாள் நடந்ததை. மேடமே எழுதிவிட்டதால் அப்பாவால் கதவை மறுபடி பூட்ட முடியவில்லை. அன்று குடிதண்ணீர்க் குடம் மத்தியானத்திலேயே காலி. முன்பெல்லாம் சாயங்காலம்கூடப் பாதிக்குமேல் மிச்சம் இருக்கும். டைலர் அக்காக்கள் டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் என்னவோ முந்தாநாள் அடித்த அதே வெயில்தான். இவர்களுக்கு மட்டும் திடீரென்று ஏன் இவ்வளவு தாகம் என்று எனக்கு விளங்கவேயில்லை.