வெங்காயப் பட்டறை நிழல்

எனக்கு எழுபத்தி நாலு வயது. ஐந்து பெற்று, ஐந்தையும் ஆளாக்கினேன். இன்று இருப்பது நாலு.

குன்னத்துக்குப் பக்கம் எங்கள் காடு. காட்டோரத்தில் வெங்காயப் பட்டறை இருந்தது. கல் அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, சுற்றிலும் காய்ந்த பருத்திமார்க் குச்சியைக் கட்டிக் கீற்று வேய்ந்தால் பட்டறை. சின்ன வெங்காயத்தை அதன் காய்ந்த தாளோடு அதில் போட்டு வைத்து, விலை வரும்போது எடுத்துத் தாள் அறுப்போம்.

வேலை இல்லாத மத்தியானத்திலும் நான் அதன் நிழலில்தான் இருப்பேன். வீட்டில் கட்டில் உண்டு, ஃபேன் உண்டு. ஆனாலும் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவேன். என் கொழுந்தன் பெண்சாதி கேலி செய்வாள்.

"ஏன்க்கா, பட்டறைய ஒம் பேருல எழுதி வெச்சிட்டாங்களா? நெழலு நவுர நவுர நீயும் நவுந்துகிட்டே கெடக்குற."

நான் காவல் இருப்பதாகப் பெரிய மகன் நினைத்தான். "எங்கம்மா இருக்குறவரைக்கும் ஒரு வெங்காயம் தொலயாது" என்று ஊரெல்லாம் சொன்னான். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

நாலாவது பெண்ணை அரியலூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். சம்பந்தி வீட்டில் எல்லாரும் மாரடித்து அழுதார்கள். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நாலு பேர் பார்க்க அழுது எனக்குப் பழக்கமில்லை.

காரியம் முடிந்து தாள் அறுக்க உட்கார்ந்தபோதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்த முடியவில்லை. வரப்பில் போன ஒருவர், "என்னம்மா, கண்ணு எரியுதா?" என்றார்.

"வெங்காயம்ங்க, வேற என்னா" என்று கொழுந்தன் பெண்சாதி முந்திக்கொண்டாள்.

ஆயுசு முழுக்க வெங்காயத்தோடு கிடந்த கண் அதற்கெல்லாம் எரியாது. அது அவளுக்கும் தெரியும். தன் கூடையையும் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அன்றிலிருந்து என் பொழுதெல்லாம் அங்கேதான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலையற்றவர்கள் என்று ஒரு காலத்தில் ஏசியிருக்கிறேன். இப்போது சொல்ல வாய் வராது. ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர்களை யாரும் கேட்காத இடம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த வருஷம் கண் காட்ட டவுனுக்குப் போய்த் திரும்பினேன். பட்டறை இல்லை. பிரித்துக் கல்லை ஓரமாகக் குவித்திருந்தார்கள். மகன் சிரித்த முகமாக வந்தான்.

"இனிமே மக்காச்சோளந்தாம்மா, வெங்காயம் கெடயாது. நீ வெயில்ல காவ காத்ததெல்லாம் போதும். வூட்டுல ஃபேனப் போட்டுக்கிட்டு நிம்மதியா படு."

எனக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்தான், பாவம். ஏன் பிரித்தாய் என்று கேட்டால், நான் ஏன் அங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டிவரும்.

"நல்லா செஞ்ச சாமி" என்றேன்.

மறுநாள் மத்தியானம் கால் அங்கேதான் போனது. கல் குவியல் மேல் உட்கார்ந்தேன். கொழுந்தன் பெண்சாதி முறத்தில் வெங்காயத்தோடு வந்தாள்.

"கொழம்புக்கு உரிக்கணும்க்கா, கொஞ்சம் எங்கூட ஒக்காரு" என்றாள். கல்யாண வீட்டுக்கே ஆகும், அவ்வளவு வெங்காயம். ஆனால் கல் சுட்டது. மேலே நிழல் இல்லை. முறம் பாதியாவதற்குள் இரண்டு பேரும் எழுந்துவிட்டோம். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும், "என்னம்மா, ஒடம்புக்கு முடியலயா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

நான் மூன்றாவது வரைதான் படித்தேன். இதை எழுதிய என் எழுத்து கோணலாக இருக்கும். அரியலூர்க்காரியின் மகள் எங்களோடுதான் வளர்கிறாள், எந்தக் கோணல் எழுத்தையும் படித்துவிடுவாள்.

கண்ணு, இங்க வா. இத சத்தமா எனக்குப் படிச்சிக் காட்டு. உங்கம்மா வர்ற எடத்துல நிறுத்திட்டு என் மொவத்தப் பாக்காத, மேல படி. இரு, கையில இருக்குற வெங்காயத்த அந்தாண்ட வெச்சிட்டு வரேன்.