நான்கு டிரெய்லர் நேரம்

எனக்கு ரோபோக்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்கப் பிடிக்கும். நாற்பத்தெட்டு வயதில், கவிதை என்று நாலு வரி எழுதுகிறவள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டுமாம். எனக்கு வெட்கமில்லை. இரும்பு இரும்பின் மேல் மோதும்போது என் விலா எலும்புக்குள் மணி அடிக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. அந்த இரும்பு தமிழ் பேசிக்கொண்டு மோத வேண்டும்.

வம்பு அங்கேதான் தொடங்குகிறது. பாறசாலைக்குப் பக்கத்தில், கேரளம் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. உள்ளே தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். ரேஷன் கடை, பஞ்சாயத்து ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் எனக்குக் குறையில்லை. அதுவும் என் நாக்குதான். ஆனால் கோடை விடுமுறைக்கு வந்து இறங்கும் ஆங்கில ரோபோ படத்தை மட்டும் நான் தமிழில்தான் பார்ப்பேன். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். காரணம் சொல்லித்தான் ஆசைப்பட வேண்டுமா?

நெய்யாற்றின்கரையில் இரண்டு திரை உள்ள தியேட்டர் ஒன்று. ஒன்றில் மலையாளம், மற்றதில் தமிழ் என்று போஸ்டர் சொல்லும். போன இரண்டு படங்களுக்கும் ஆளில்லை என்று தமிழ்க் காட்சியை நிறுத்திவிட்டார்கள். இந்த மே மாதம் அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். அக்காவுக்குத் தையல் கடை. பள்ளி திறக்கும் முன் யூனிஃபார்ம் மலையாகக் குவியும் நாட்கள். கழுத்தில் அளவு நாடாவோடுதான் பேருந்தில் ஏறினாள்.

ஹாலில் எங்களைத் தவிரக் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆட்டோக்காரர். அவ்வளவுதான். மேனேஜர் வந்தார். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன்.

"சேச்சீ, மூந்நு பேரே உள்ளூ. பத்துப் பேரெங்கிலும் வேணம். அப்புறத்து போயி மலையாளம் காணாமல்லோ."

பத்துப் பேராவது வேண்டுமாம். இல்லையென்றால் பக்கத்து ஹாலில் போய் மலையாளத்தில் பார்க்கலாமாம்.

"காணாம். பக்ஷே காணில்லா," என்றேன். பார்க்கலாம், ஆனால் பார்க்க மாட்டேன். அதை மலையாளத்திலேயே சொன்னேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இன்றும் ஆளில்லை என்றால் இனி இங்கே தமிழே போடப்போவதில்லை என்றார் அவர். டிரெய்லர்கள் முடியும்வரை பொறுப்பாராம். நான்கு டிரெய்லர்.

முதலாவது ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு போலீஸ்காரர் மழையில் மிக மெதுவாக நடந்து வந்தார். எனக்கு அவ்வளவு மெதுவாக நடக்க நேரமில்லை. எழுந்தேன்.

"நீ போ மக்கா. படம் ஓடிப்போவாம நான் பிடிச்சு வச்சுக்கிடுதேன்," என்றாள் அக்கா.

வெளியே சோளப்பொரி மணம். ஒருவர் தன் சின்ன மகளை அதட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளே, ஓடாத. விழுந்தா உனக்க அம்மை என்னையாக்கும் ஏசுவா."

"பின்ன ஆரை ஏச?" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

என் காது குளிர்ந்தது. எங்கள் பேச்சு. அவர் கவுண்டர் பக்கம் திரும்பினார். திரும்பிய அந்த நொடியில் குரலே வேறாகிவிட்டது. "மூந்நு டிக்கெட்."

உள்ளிருந்தவன் ஒன்றும் கேட்காமல் கிழித்துக் கொடுத்தான். சீட்டை எட்டிப் பார்த்தேன். மலையாள ஹால்.

"அண்ணே, நீங்க தமிழுக்கா வந்திய?"

"ஆமா. நான் தமிழ்னு பறயல்லியோ?"

"எங்க பறஞ்சிய? வாய் அவன்கிட்ட மலையாளமாக்கும் பேசிச்சு," என்றாள் மனைவி.

எங்களுக்கு மட்டுமே வாய்த்த கோளாறு அது. கவுண்டர் என்று ஒன்றைக் கண்டால் போதும், நாக்கு தானாகச் சட்டை மாற்றிக்கொள்ளும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தால் அது மலையாள முகம்தான் என்று எங்களுக்குள் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த ஹாலுக்குள் இன்னும் எத்தனை பேர்? சீட்டை மாற்றித் தரச் சொல்லி அந்த மூவரையும் அக்காவிடம் அனுப்பிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

அங்கேயும் அதே டிரெய்லர்கள். இந்திப் பேய் அலறி ஓய்ந்து, தெலுங்கு வாள் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. நேராகத் திரைக்கு அடியில் போய் நின்றேன். வாள் என் முகத்தை இரண்டாக வெட்டியது. வெட்டட்டும்.

"தமிழ்ப் படத்துக்கு வந்தவங்க ஆராவது உண்டுமா?"

"சேச்சி, மாறி நில்க்கூ!" யாரோ கத்தினார்கள்.

நகரவில்லை. "அடுத்த ஹால்ல ரோபோ தமிழ் பேசும். நாலு பேர் கொறையுது. வாறவங்க வாங்க!"

பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அப்ப இது தமிழ் இல்லியா? டிரெய்லர்தான் இப்பிடி, படம் தமிழ்ல வரும்னு நெனச்சாக்கும் இருந்தேன்." அவளோடு இரண்டு நாத்தனார்கள். பூவாரிலிருந்து வந்தவர்கள்.

மூன்றாவது வரிசையில் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. தினமும் என் பேருந்தில் வருபவர். என்னோடு மலையாளம், போனில் மனைவியோடு தமிழ். என்னைப் பார்த்ததும் இருக்கைக்குள் மெல்ல இறங்கினார். இன்னும் இறங்கினார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தரைக்குள் போய்விடுவார்.

மூன்று பெண்களோடு நான் திரும்பியபோது நான்காவது டிரெய்லரில் பெங்குயின்கள் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தன. மேனேஜர் விரல் நீட்டி எண்ணினார். ஒன்பது.

"ஒம்பதுக்கும் பத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நான் ரெண்டு ஆளுக்குள்ள தடியுண்டு, அளந்து காட்டவா?" என்று அக்கா நாடாவை உருவினாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார், இல்லை என்று.

பெங்குயின்கள் போய்த் திரை கறுத்தது. அப்போது கதவு திறந்து டிக்கெட் கவுண்டரில் இருந்தவன் உள்ளே வந்தான். தனக்குத் தானே கிழித்த சீட்டு கையில்.

"கவுண்டர அடச்சாச்சு. நானும் ஒராளாக்கும்," என்று எனக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"நீ எந்த ஊரு மக்கா?"

"காரோடு."

"பின்ன எதுக்கு அங்க இருந்து மலையாளம் பேசின?"

திரும்பிப் பார்த்தான். "நீங்க எல்லாரும் மலையாளத்துலல்லா டிக்கெட் கேட்டிய."

ஹால் அதிர்ந்தது. ஒரு மேம்பாலத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்த ரோபோ வாயைத் திறந்தான். சென்னைத் தமிழ். எங்களில் ஒருவர் வீட்டிலும் பேசாத தமிழ்.

"இவன் மெட்ராசுக்காரனாக்கும்," என்றாள் அக்கா. பத்துப் பேரும் சிரித்தோம். எந்த ஊர்க்காரனாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அவன் பேச வேண்டும் என்று பத்துப் பேர் பிடிவாதம் பிடித்தோம், பேசினான்.

வெளியே வரும்போது மேனேஜர் வாசலில் நின்றார். ஆளைக் கொண்டுவந்தால் அடுத்த படத்துக்கும் தமிழ் போடலாம் என்றார், மலையாளத்தில். நாக்கு சட்டையை மாற்றப் போனது. பிடித்து நிறுத்தினேன்.

"கொண்டு வாறேன்," என்றேன். தெரு கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"கொண்டு வருவ, கொண்டு வருவ," என்றாள் அக்கா. "அதுக்கு முந்தி எனக்க கடைக்கு வந்து அந்த யூனிஃபார்முக்கெல்லாம் பட்டன் வச்சுத் தா."