சிவப்பு எனக்கு, கறுப்பு அவருக்கு

என்னிடம் ஒரு தகரப்பெட்டி நிறையச் சீட்டு இருக்கிறது. பல தேசத்துச் சீட்டு. முழுக்கட்டு என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பாதி.

ஆரம்பம் என் மச்சான். நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். அப்போது பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போய் வந்துகொண்டிருந்தது. வந்து இறங்கிய யாரோ அவனிடம் ஒரு சீனச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவன் என்னிடம் கொடுத்தான். இரண்டு விரல் அகலம், உள்ளங்கை நீளம். ஒரு பக்கம் முழுக்கச் சீன எழுத்து. எப்படி ஆடுவது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கீழே வைக்க மட்டும் மனம் வரவில்லை. நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடலுக்கு அந்தப் பக்கமும் வேலை முடிந்தால் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து இதைத்தான் செய்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

நான் சாகுபடி செய்தது குத்தகை நிலம். மிராசுதார் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். என் வயல் தம்பியின் பாகம். அவரைச் சின்னய்யா என்போம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏறக்குறைய என் வயது.

ஒருநாள் மதகடியில் உட்கார்ந்து அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

“கையில என்னய்யா, மாட்டுக்குக் கட்டுற தகடா?”

“சீட்டுங்க. சீனாவுதுங்க.”

வாங்கிப் பார்த்தார். மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“எங்கிட்டயும் இருக்கு. வெளியில சொல்லிடாத. அண்ணனுக்குத் தெரிஞ்சா அடுப்புல போட்டுடுவாரு.”

அவர்கள் அப்பா சீட்டாட்டத்தில் நிலம் தோற்றவர். அந்த வீட்டுக்குள் சீட்டு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. இவர் ஆடுகிறவர் இல்லை. சேர்க்கிறவர். தபாலில் வரவழைத்துப் பரணில் மரப்பெட்டியில் ஒளித்து வைத்திருந்தார்.

அதற்கப்புறம் மதகடிதான் எங்களுக்கு இடம். மச்சான் கப்பல்காரர்களிடம் கேட்டு வாங்கி அனுப்புவான். காசு கொடுக்க வேண்டியிருந்தால் சின்னய்யா கொடுப்பார். துண்டை விரித்து அடுக்கிப் பார்ப்போம். மனிலாவிலிருந்து வந்த கட்டில் ராணியே கிடையாது. அவள் இடத்தில் ஒரு குதிரைக்காரன். ஜப்பான்காரன் சீட்டில் எண்ணே இல்லை, வெறும் பூ. சண்டைக் காலத்து வெள்ளைக்காரச் சீட்டு ஒன்றில் ஒவ்வொன்றிலும் ஒரு ஆகாயவிமானம், கீழேயிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கறுப்பு நிழலாக. யாருடைய விமானம் தலைக்கு மேலே போகிறது என்று சிப்பாய்க்குத் தெரிவதற்காம். சின்னய்யாதான் படித்துச் சொன்னார்.

முதல் முழுக்கட்டு வந்தபோது யார் வைத்துக்கொள்வது என்று கேள்வி வந்தது. கொண்டுவந்தது நான். காசு அவருடையது.

“சட்டப்படி உனக்கு அறுவது, எனக்கு நாப்பதுய்யா” என்றார். விளைச்சலில் நூற்றுக்கு அறுபது பங்கு உழுகிறவனுக்கு என்று சட்டம் இருந்த காலம்.

“இதுல நான் உழலீங்களே. சரிபாதி போதும்.”

“அப்ப செவப்பு நீ எடுத்துக்க. சங்கத்துல கொடி புடிக்கிறவன் நீதான.”

இரண்டு பேரும் சிரித்தோம். ஆட்டினும் டைமனும் எனக்கு, இஸ்பேடும் கிளாவரும் அவருக்கு. பிறகு வந்த எல்லாவற்றையும் அப்படியே பிரித்தோம். மனிலாக் கட்டில் காசும் கிண்ணமும் எனக்கு, வாளும் தடியும் அவருக்கு. “தடி நெலத்துக்காரன்கிட்ட இருக்கட்டும்” என்றார். தஞ்சாவூரில் ஒரு பழைய வீட்டிலிருந்து வட்டச்சீட்டு வாங்கி வந்தார். அப்பளம் மாதிரி வட்டம், அரக்குப் பூச்சு, கையால் எழுதிய பத்து அவதாரம். மச்சத்திலிருந்து வாமனம் வரைக்கும் எனக்கு. பரசுராமரிலிருந்து கல்கி வரைக்கும் அவருக்கு.

ஒரு கட்டை நீ முழுசாக வைத்துக்கொள், அடுத்ததை நான் வைத்துக்கொள்கிறேன் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. களத்தில் அப்படியா செய்கிறோம்? அந்தந்த நெற்பொலியை அங்கேயே அளந்து பிரிப்போம். கை அப்படியே பழகிவிட்டது.

வீட்டில் என் பெண்சாதி, “பொண்ணு பாக்கப் போன மாதிரி ராணியவே பாத்துக்கிட்டிருக்கீங்க” என்பாள். விவசாயச் சங்கத்து ஆட்களுக்கு வேறு கேலி. “ராஜா ஒழிகன்னு தொண்டை கிழியக் கத்துற. பொட்டி நெறைய ராஜாவா வச்சிருக்க.”

ஆட்சி மாறியது. கூலிக்காகவும் நிலத்துக்காகவும் சண்டை முற்றிக்கொண்டிருந்தது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பு அறுத்தார்கள். போலீஸ் வந்து ஊருக்குள் தங்கியது. குத்தகைக்காரர்கள் பேரைப் பதியலாம், பதிந்தால் வெளியேற்ற முடியாது என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. நானும் பதிவதென்று முடிவு செய்தேன். பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

மதகடியில் சீட்டை விரித்திருந்தபோது அவரிடம் நேரில்தான் சொன்னேன்.

“பதியப் போறேங்க.”

கையிலிருந்த சீட்டைத் துண்டில் வைத்தார்.

“எம் பாகத்துலயா?”

“ஆமாங்க.”

துண்டிலிருந்த தன் சீட்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு மதகடிக்கு வரவில்லை.

பதிந்தவர்களை மிராசுதார்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குத்தகைக்காரர் ஒருவர் போனார். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். நிலத்தை விட்டுக்கொடுத்ததாகக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். அவர் மட்டும் இல்லை, இன்னும் பலர். சங்கத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். “கூப்புட்டா தனியா போவாதீங்க. காப்பிகூடக் குடிக்காதீங்க.” சரியான பேச்சுதான். அதனால்தான் பல பேருக்கு நிலம் நின்றது.

மிராசுதார் குடும்பம் ஊரைக் காலி செய்து தஞ்சாவூருக்குப் போன அன்று நான் நாற்றங்காலில் இருந்தேன். தெருவில் லாரி நின்றது. அவர்கள் பண்ணையாள் வரப்பில் வந்தான்.

“சின்னய்யா வரச் சொன்னாரு.”

“எதுக்காம்?”

“சொல்லல. ஒங்கள மட்டும் வரச் சொன்னாரு. கொல்லப்பக்கமா வரணுமாம்.”

கொல்லைப்பக்கமாக, அதுவும் தனியாக. எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

“வேலை கெடக்குன்னு சொல்லு.”

போய்விட்டு மறுபடியும் வந்தான். “ஒரு நிமிசம் வந்துட்டுப் போவச் சொல்றாருண்ணே.”

“போடா, வரலன்னு சொல்லு.”

லாரி வயலை ஒட்டிய சாலையில்தான் போனது. முன்பக்கம் அவர் உட்கார்ந்திருந்திருப்பார். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

சில வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டை மரத்துக்காக ஒருவர் வாங்கிப் பிரித்தார். தேக்கு உத்தரம், தூண், கதவு எல்லாம் வண்டியில் போனது. மிச்சத்தைக் கொல்லையில் குவித்துக் கொளுத்தினார்கள். எல்லாரோடும் சேர்ந்து நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சின்னய்யாவுக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது என்று காலம் கடந்துதான் கேள்விப்பட்டேன். என் பாதியையும் அவரிடமே கொடுத்துவிடலாம், ஒரு இடத்திலாவது முழுசாக இருக்கட்டும் என்று தோன்றியது. தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன்.

குரலை வைத்தே கண்டுகொண்டார். “வாய்யா, நீதானா?” என்று கையை நீட்டித் துழாவினார். பெட்டியை மடியில் வைத்தேன். திறந்து தடவினார்.

“இது வட்டச்சீட்டு. எந்த அவதாரம்?”

“கூர்மங்க. ஆமை.”

“ஒம் பாதி. என் பாதி எங்க?”

“ஒங்ககிட்டதானுங்களே இருக்கும்?”

பெட்டியை மூடினார்.

“எங்கிட்ட ஏதுய்யா? அதக் குடுக்கத்தான அன்னிக்கு ஒன்னக் கூப்புட்டேன். அண்ணன் வாசல்ல லாரிகிட்ட நின்னாரு. அவரு கண்ணுல படாம நீ கொல்லப்பக்கமா வந்து எடுத்துட்டுப் போயிடுவன்னு பாத்தேன். ஆள்கிட்ட குடுத்தா அண்ணன்கிட்ட காட்டிடுவான். வரலன்னுட்ட. லாரியில ஏத்துனா அண்ணன் பாத்துடுவாரு, பரண்லயே விட்டுட்டேன். அப்பறமாவது நீ எடுத்திருப்பன்னு நெனச்சேன்.”

கொளுத்தியதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அன்னிக்கு வந்திருந்தா நெலத்தப் பத்திக் கேட்டிருப்பீங்களா?”

“கேட்டிருப்பேன்” என்றார் உடனே. “பொய் என்னத்துக்குச் சொல்லணும்? சீட்டக் கையில குடுத்துட்டு, பதிவ எடுத்துடுய்யான்னு ஒரு வார்த்த கேட்டிருப்பேன். அது அப்பா எனக்கு வச்சிட்டுப் போன பாகம்.”

சங்கத்தில் சொன்னதும் தப்பில்லை, அவர் கூப்பிட்டதும் தப்பில்லை.

பெட்டியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “பாக்கக் கண்ணு இருக்கறவன் வச்சுக்க” என்றார். திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். அடுத்த தையில் அவர் செத்துப்போனார்.

அன்றைக்குப் போயிருந்தால் அவர் கேட்டிருப்பார். முடியாதுங்க என்று நான் சொல்லியிருப்பேன். அவர் முகம் சுருங்கியிருக்கும். நான் சீட்டை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாகவே திரும்பி வந்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த முடியாதுங்க என்ற ஒரு சொல்லை நேரில் சொல்ல எனக்குத் தெம்பு இருந்தது. இருந்தும் நான் போகவில்லை.