அயோவாவில் நாங்கள் காணி பார்த்த கதை

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐம்பத்துமூன்று வயதில், அமெரிக்கச் சோளத் தோட்டமொன்றுக்குள் வழி தவறி, இருபது நிமிடம் "இஞ்சேருங்கோ!" என்று கத்திக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால், தெருவுக்கும் எனக்கும் இடையில் முப்பது அடிதான்.

இதற்கெல்லாம் காரணம் என் கணவர் குகன். மிட்சம் பகுதியில் இருபத்திரண்டு வருடம் நடத்திய பலசரக்குக் கடையை, மேல்வீட்டோடு சேர்த்து இந்த வசந்தத்தில் விற்றோம். ஓய்வுகாலத்துக்கு எங்களிடம் இருப்பது அந்தப் பணம் மட்டும்தான். ஈஸ்ட் ஹாமில் மகன் வீட்டில் பெட்டிகளோடு காத்திருக்கிறோம். நான் மோர்டனில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து, திரைச்சீலையின் நிறம்வரை முடிவு செய்திருந்தேன். அவரோ இணையத்தில் நோண்டி, அயோவாவில் நாற்பது ஏக்கர் விவசாயக் காணி விலைக்கு வந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் புறப்பட்டோம். ஹீத்ரோவிலிருந்து சிகாகோ ஒன்பது மணி நேரம், ஆளுக்கு 612 பவுண். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாடகைக் கார், மூன்று நாளுக்கு 184 டொலர். 230 மைல், நான்கு மணி நேரம். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டியதும் சோளம். அதற்குப் பிறகும் சோளம். ஒவ்வொரு மைலுக்கும் ஒரு தெரு, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக.

காணித் தரகர் டேல் தெருவோரத்தில் காத்திருந்தார். மண்ணுக்கு நூற்றுக்கு எண்பத்தாறு புள்ளி என்றார். ஆம், அங்கே மண்ணுக்கும் புள்ளி போடுகிறார்கள். புள்ளி ஏறினால் விலையும் ஏறும்.

"எங்கட மகன் கணக்கிலை இவ்வளவு எடுக்கேல்லையே!" என்றார் குகன்.

ஏக்கர் 12,000 டொலர். குகன் உடனே தொலைபேசியை எடுத்துப் பரப்பாக மாற்றினார். யாழ்ப்பாணத்தாருக்குக் காணியென்றால் பரப்புத்தான், ஏக்கருக்குப் பதினாறு.

"அறுநூற்று நாப்பது பரப்படி! பரப்பு எழுநூற்றைம்பது டொலர்! ஊரிலை இந்தக் காசுக்கு ஆட்டைக் கட்டவும் இடம் வராது."

எனக்கு வேறு அதிர்ச்சி. வேலியைக் காணவில்லை. கதியால் இல்லை, கம்பி இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. அரையடி வேலி நகர்ந்ததற்காக இரண்டு தலைமுறை முகம் பாராமல் இருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். டேல் கையை வீசி, "அங்கேயிருந்து அங்கேவரை" என்கிறார்!

"உந்தாள் எங்களைச் சுத்துறான். எல்லையில்லாத காணி எங்கை கிடக்கு? நான் பாத்துக்கொண்டு வாறன்" என்று உள்ளே இறங்கினேன். மிச்சத்தை மேலே சொல்லிவிட்டேன். கடைசியில் டேல் தன் வண்டியின் ஹார்னை விடாமல் அடிக்க, சத்தத்தைப் பிடித்து வெளியே வந்தேன்.

"என்ன, கல்லைக் கண்டனியோ?"

"கண்டது உங்கட விசரைத்தான்."

எல்லை காணிப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறதாம். பதினொரு மைல் தள்ளியிருந்த கவுண்டி அலுவலகத்துக்கு, அதாவது மாவட்டக் கந்தோருக்கு, டேலோடு இரண்டு மணிக்குப் போனோம். அங்கிருந்த பெண் அந்தக் காணியின் கைமாறிய வரலாற்றை எடுத்துத் தந்தார். பிரதிக்குப் பக்கம் ஒரு டொலர். குகன் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். இப்போது விற்கிற மகன், அவருடைய தகப்பன், பாட்டன், அதற்கும் முந்திய குடியேற்றக்காரர். முதலாம் பக்கத்தில், அரசாங்கத்திடமிருந்து ஏக்கர் ஒன்றேகால் டொலருக்கு வாங்கியது.

"ஒண்டேகால் டொலர்!" என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பினார். "அதுக்கு முந்தி ஆரின்ரை காணியாம்? கேள்."

கேட்டேன். பூர்வகுடிகளுடையது, ஒப்பந்தம் போட்டு அரசாங்கம் எடுத்தது என்றார் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக. அதற்கு முந்திய பக்கம் புத்தகத்தில் கிடையாது.

குகனின் முகம் செத்துப்போயிற்று. வலிகாமம் வடக்கில் அவருடைய பன்னிரண்டு பரப்பு, முப்பது வருடத்துக்கு மேலாக இராணுவ முகாமுக்குள் கிடக்கிறது. காணி உறுதிப்பத்திரம் மட்டும் எங்களோடு நாடு நாடாக அலைந்து, இப்போது மகன் வீட்டுச் சூட்கேஸுக்குள்.

"அப்ப என்ரை காணிக்கும் ஆரோ புதுசா ஒரு முதலாம் பக்கம் எழுதியிருப்பான், என்ன?"

எதற்கும் வாய் காட்டுகிற நான், பிரதிகளுக்கான டொலரை எண்ணி மேசையில் வைத்தேன்.

வாசற்படியில் அவர் டேலுக்குக் கைகொடுத்து, வேண்டாமென்று சொல்லிவிட்டார். என்னிடம், "மற்றவனை எழுப்பிப்போட்ட இடத்திலை நான் போய்க் குந்த ஏலாது" என்றார். இருபத்தெட்டு வருடமாகத் தள்ளுபடி விலையைத் தவிர வேறெதையும் யோசிக்காதவர் என்று நான் நம்பியிருந்த மனிதர்! அன்றைய மோட்டல் 89 டொலர், காலை உணவோடு. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆகஸ்டில் சோளம் ஆளைவிட உயரம், காணி பார்க்க ஏப்ரல்தான் நல்லது. கவுண்டி அலுவலகம் நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள். பழைய புத்தகங்களை அவசியம் கேட்டுப் பாருங்கள். நிலத்தின் விலையை யாரும் சொல்வார்கள், அது எப்படிக் காலியானது என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள். மிளகாய்த்தூள் கொண்டு போங்கள்.

மோர்டன் ஃபிளாட்டுக்கு முற்பணம் கட்டிவிட்டோம். அரைக் கோடி டொலர் காணியைக் கொள்கைக்காக உதறிய கதையை ஈஸ்ட் ஹாமில் குகன் சொல்லாத ஆளில்லை. (அரைக் கோடியில்லை, நாலு லட்சத்து எண்பதாயிரம். திருத்தப் போனால் முறைக்கிறார்.) நானும் பெருமையோடு பக்கத்தில் நிற்கிறேன்.

போன வாரம் டேல் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நாங்கள் அமெரிக்காவில் குடியிருப்பவர்கள் என்று நினைத்திருந்தாராம், மன்னிக்க வேண்டுமாம். அந்த நாட்டில் குடியிராத வெளிநாட்டவர் அயோவாவில் விவசாயக் காணி வாங்கச் சட்டத்தில் இடமில்லை.